அழுது அடைக்கும் பிள்ளையும் அந்த ஒரு நிமிடமும்

(நூற்றாண்டு விழாவையொட்டி எமது சங்கம் நடத்திய தாய் சேய் நலக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் நான் கடைசியாக நின்றது பத்தாம் வகுப்பில், ஒரு பேச்சுப் போட்டியில். பாதியில் மறந்துபோய் இறங்கிவிட்டேன். அதனால் இன்று குறிப்புகளோடு வந்திருக்கிறேன். நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

விழாக் குழுவிலிருந்து அக்கா ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "சின்னப் பிள்ளையளின்ரை சுகத்தைப் பற்றி ஏதும் சொல்லும். ஆனால் சனத்தைப் பயப்படுத்திப் போடாதையும்" என்றார். குழந்தை வைத்தியராக இருக்கும் எனக்கு இது கொஞ்சம் சிரமமான நிபந்தனை. யோசித்துப் பார்த்தபோது, பார்ப்பதற்கு மிகப் பயங்கரமாகவும் உண்மையில் பெரும்பாலும் ஆபத்தில்லாததாகவும் இருக்கும் ஒன்று நினைவுக்கு வந்தது. பிள்ளை வீரிட்டு அழுது, மூச்சு அடைத்து, நீலம் பாரித்து, மயங்கி விழுவது. இங்கே இருக்கும் தாய்மாரில் சிலராவது அதைக் கண்டிருப்பீர்கள். கண்டவர்கள் அந்த நிமிடத்தை மறந்திருக்க மாட்டீர்கள்.

நான் அதை முதன்முதலில் கண்டது வைத்தியசாலையில் அல்ல. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் வீதியில் இறங்கிய அந்த இடப்பெயர்வில். நான் அப்போது சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மாணவி. மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடிமேல் அடி வைத்து சனம் நகர்ந்துகொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் ஓர் இளந்தாய், ஒரு வயது மதிக்கத்தக்க ஆண்பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தார். பிள்ளையின் கையிலிருந்த பால்போத்தல் சேற்றில் விழுந்து, காலடிகளுக்குள் போய்விட்டது. பிள்ளை குளறத் தொடங்கியது. ஒரு கட்டத்தில் வாய் திறந்தபடி இருக்கிறது, சத்தம் மட்டும் வரவில்லை. உதடு கறுத்து, தலை பின்னால் சரிந்து, உடம்பு துவண்டுவிட்டது. "ஐயோ, என்ரை பிள்ளை போட்டுது" என்று அந்தத் தாய் கத்திய சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது.

ஒருவர் பிள்ளையைப் பிடித்து உலுக்கச் சொன்னார். ஒருவர் முகத்தில் தண்ணீர் ஊற்றச் சொன்னார். எங்களோடு நடந்துவந்த எங்கள் விஞ்ஞான ரீச்சர் தன் சைக்கிளை என் கையில் தந்துவிட்டு முன்னால் போனார். வீதியோரத்தில் யாரோ இறக்கி வைத்த பாய்க்கட்டின் மேல் பிள்ளையைப் பக்கவாட்டில் கிடத்தினார். சுற்றி நின்றவர்களை விலகச் சொன்னார். டோர்ச் வெளிச்சத்தில் பிள்ளையின் முகத்தைப் பார்த்தபடி, உரத்த குரலில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்கினார். முப்பது வரவில்லை. பிள்ளை ஆழமாக ஒரு மூச்சு இழுத்து, பிறகு அழுதது. ரீச்சர் பிள்ளையைத் தாயின் கையில் கொடுத்து, "பயப்படாதையும் பிள்ளை, அழுது அடைச்சது. பசியும் நித்திரையும் தான்" என்று சொல்லிவிட்டுத் தன் சைக்கிளை வாங்கிக்கொண்டார். பாலம் தாண்டியபின் அந்தத் தாயையும் பிள்ளையையும் நாங்கள் காணவில்லை.

மருத்துவ பீடத்தில் நான்காம் ஆண்டில்தான் இதற்கு ஒரு பெயர் இருப்பதை அறிந்தேன். ஆங்கிலப் பெயரைத் தமிழாக்கினால் "மூச்சைப் பிடித்து வைத்தல்" என்று வரும். அது பிழையான பெயர். பிள்ளை வேண்டுமென்று மூச்சைப் பிடித்து வைத்து எங்களைப் பேய்க்காட்டுகிறது என்ற எண்ணத்தை அது உண்டாக்குகிறது. "அழுது அடைச்சுப் போச்சு" என்று எங்கள் ஆச்சிமார் சொல்வது நடப்பதற்கு மிகக் கிட்டியது. பிள்ளை அடைப்பதில்லை. பிள்ளைக்கு அடைத்துப்போகிறது.

நடப்பது இதுதான். கோபம், ஏமாற்றம், வலி, இவற்றில் ஏதோ ஒன்றால் பிள்ளை பலமாக அழுகிறது. அழும்போது நாங்கள் மூச்சை வெளியே விடுகிறோம். விட்ட மூச்சு முடிந்த இடத்தில் அடுத்த மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் இழுப்பு வருவதில்லை. சில செக்கன்களில் இரத்தத்தில் ஒட்சிசன் குறைகிறது, உதடும் முகமும் நீலம் பாரிக்கின்றன, மூளைக்குப் போகும் இரத்தமும் குறைந்து நினைவு தப்புகிறது. உடம்பு துவளும்; சிலவேளை வில்லாக விறைக்கும்; கை கால் இரண்டொரு முறை வெட்டி இழுக்கும். நினைவு தப்பியதும் அடைப்பு விடுபட்டு, மூச்சு தானாகவே திரும்ப வரும். பெரும்பாலும் எல்லாமே ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பார்த்துக்கொண்டிருக்கும் தாய்க்கு அது அரைமணி நேரமாகத் தெரியும்.

இன்னொரு வகை உண்டு. அதில் பெரிய அழுகை இருக்காது. பிள்ளை விழுந்து தலையில் அடிபடும், அல்லது திடீரென்று வெருளும். ஒரு சின்னச் சிணுங்கல், அல்லது அதுவுமில்லை. முகம் நீலமாகாமல் சுண்ணாம்பு போல் வெளிறி, பிள்ளை அப்படியே சரியும். "பயந்து ஏங்கிப் போச்சு" என்று எங்கள் ஊரில் சொல்வது இதைத்தான். வேகஸ் என்ற நரம்பு அந்த நேரத்தில் இதயத்துக்கு அளவுக்கு மிஞ்சிக் கடிவாளம் போடுகிறது. இதயத் துடிப்பு மிகவும் மெதுவாகி, சில செக்கன்கள் நின்றுகூடப் போகலாம். பிறகு தானாகவே பழைய கதிக்கு வரும். நீல வகைதான் கூடுதலாக வருவது. சில பிள்ளைகளுக்கு இரண்டும் வரும்.

இது அபூர்வமான ஒன்றல்ல. நல்ல சுகமான சிறு பிள்ளைகளில் 100 பேரில் 5 பேர் வரை இது வரலாம் என்று கணித்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையில் தொடங்கும். சிலருக்கு மாதத்தில் ஒன்று, சிலருக்கு ஒரே நாளில் இரண்டு மூன்று. நான்கு வயதளவில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நின்றுவிடும். ஆறு வயதாகும்போது பெரும்பாலும் எல்லோரும் இதை விட்டு வெளியே வந்திருப்பார்கள். வெளிறும் வகையினரில் சிலர் வளர்ந்த பிறகு, இரத்தத்தைக் கண்டோ வெயிலில் நின்றோ மயங்கி விழக்கூடும். அவ்வளவுதான். மூளை பழுதாவதில்லை. படிப்பு குறைவதில்லை. இது வலிப்பு நோயாக மாறுவதும் இல்லை.

இந்தப் பிள்ளைகளில் நாலில் ஒருவருக்காவது குடும்பத்தில் வேறு யாருக்கோ சின்ன வயதில் இது வந்திருக்கும். கிளினிக்கில் நான் கேட்பதுண்டு. "எங்கடை பக்கத்தில ஒருத்தருக்கும் இல்லை" என்று அப்பம்மா உறுதியாகச் சொல்வார். பின்னால் நிற்கும் அவருடைய தங்கை, "உன்ரை மூத்தவன் கிணத்தடியில அழுது அடைச்சு விழுந்ததெல்லே?" என்று மெதுவாக நினைவூட்டுவார்.

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன். அந்த ஒரு நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, பிள்ளையைத் தூக்கி நிமிர்த்தி வைத்திருக்காதீர்கள். நினைவு தப்புவது மூளைக்கு இரத்தம் குறைவதால். நிமிர்த்தினால் இரத்தம் இன்னும் கீழே இறங்கும். நிலத்திலோ கட்டிலின் நடுவிலோ பக்கவாட்டில் கிடத்துங்கள். படி, கதிரைக் கால், அடுப்பு, கிணற்றுக்கட்டு போன்றவை அருகில் இருந்தால் அவற்றிலிருந்து விலக்குங்கள். இந்த அடைப்பால் பிள்ளைக்கு வரக்கூடிய உண்மையான காயம் பெரும்பாலும் விழுவதால் வருவதே.

இரண்டாவது, வாயில் உணவோ விளையாட்டுப் பொருளோ தெரிகிறதா என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலை விட்டுத் துழாவினால் அது இன்னும் உள்ளே போகும். ஒன்றை இங்கே சொல்லியே ஆகவேண்டும். பிள்ளை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதோ, கடலை, மணி, பொத்தான் போன்றவற்றோடு விளையாடும்போதோ, அழாமல் திடீரென்று மூச்சு முட்டினால் அது இந்த அடைப்பு அல்ல. தொண்டையில் பொருள் சிக்கியிருக்கிறது. அங்கே காத்திருக்கக் கூடாது. ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையானாலும் குறைந்த பிள்ளையானாலும் தலையைத் தாழ்த்தி, முதுகில் தோள்களுக்கு நடுவே உள்ளங்கையால் தட்டியபடி உடனே உதவி கூப்பிட வேண்டும்.

மூன்றாவது, எண்ணுங்கள். உரத்து எண்ணுங்கள். ஒன்றிலிருந்து அறுபது வரை, மணிக்கூட்டு முள்ளின் வேகத்தில். எண்ணுவதில் இரண்டு நன்மை உண்டு. எவ்வளவு நேரம் போனது என்பது உண்மையாகத் தெரியும். உங்களுடைய கையும் வாயும் வேறு தவறு செய்யாமல் இருக்கும். அறுபது எண்ணியும் மூச்சு வரவில்லை என்றால் 1990 இலக்கத்துக்கு அழைக்க வேண்டும். செயற்கைச் சுவாசம் கொடுக்கத் தெரிந்தவர் உடனே தொடங்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் எம் சகோதரிகள் அந்தந்த நாட்டு அவசர இலக்கத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள். தனியாகப் பிள்ளை வளர்க்கும்போது அந்த நேரத்தில் இலக்கம் நினைவுக்கு வராது.

செய்யக்கூடாதவை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. உலுக்கக் கூடாது, சிறு பிள்ளையைப் பலமாக உலுக்கினால் மூளைக்குள் இரத்தம் கசியும். ஆபத்தில்லாத ஒன்றை நாங்களே ஆபத்தாக்கிவிடுவோம். கன்னத்தில் அறையக் கூடாது. வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. நினைவில்லாத பிள்ளைக்கு அது நுரையீரலுக்குள் போகும். பற்களுக்கிடையில் கரண்டி, துணி, விரல் எதையும் செருகக் கூடாது. கையில் திறப்பையோ இரும்பையோ கொடுப்பதால் எந்தப் பயனும் இல்லை. நாவூறு கழிப்பதை நான் தடுக்கப் போவதில்லை. பிள்ளை எழும்பிய பிறகு, உங்கள் மனம் ஆறுவதற்காக, ஆறுதலாகச் செய்துகொள்ளுங்கள்.

பிள்ளைக்கு நினைவு திரும்பியதும் என்ன செய்வது? சிலர் களைத்துச் சிறிது நேரம் நித்திரை கொள்வார்கள். விடுங்கள். அணைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வீடு முழுக்கக் கூடி அழுது, அயலைக் கூப்பிட்டுத் திருவிழாவாக்காதீர்கள். முன்னர் எதற்கு "இல்லை" என்றீர்களோ அது பிறகும் "இல்லை" ஆகவே இருக்கட்டும்.

இதைச் சொல்லும்போது ஒரு வீடு நினைவுக்கு வருகிறது. இரண்டரை வயதுப் பிள்ளை. முதல்முறை அடைத்தபிறகு அந்த வீட்டில் ஒருவரும் அவனை அழவிடவில்லை. கைத்தொலைபேசி கேட்டால் கைத்தொலைபேசி, இரவு பத்து மணிக்கு இனிப்புக் கேட்டால் இனிப்பு. அம்மப்பா கடை தேடிப் போவார். தமக்கைக்கு ஏழு வயது. அவளுடைய கொப்பியைத் தம்பி கிழித்தாலும் அவள் பறிக்கக் கூடாது. பறித்தால் தம்பி அழுவான், அழுதால் அடைக்கும். கிளினிக்கில் அவள் என்னிடம் கேட்டாள்: "டொக்டர், நான் கோவிச்சால் தம்பி செத்துப் போவானா?" ஏழு வயதுப் பிள்ளையின் தலையில் நாங்கள் வைத்த சுமை அது. அவளைப் பக்கத்தில் இருத்தி, இல்லை என்று விளக்கினேன். அவள்தான் அந்த வீட்டில் முதலில் எண்ணப் பழகினாள்.

மூச்சடைப்பு பிள்ளையின் பிடிவாதத்தால் வருவதில்லை. ஆனால் அடைப்புக்குப் பயந்து நாங்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினால், பிடிவாதம் தனியாக வளரும். அதற்காகப் பிள்ளையை வேண்டுமென்று அழவைக்கச் சொல்லவில்லை. பசிக்க முன் சாப்பாடு, களைக்க முன் நித்திரை, இவை நேரத்துக்கு நடந்தால் பாதி அழுகை வராது. "விளையாட்டை நிற்பாட்டு" என்று திடீரென்று பறிக்காமல், "இன்னும் இரண்டு தரம் சறுக்கிவிட்டு வீட்டுக்குப் போவோம்" என்று முன்கூட்டிச் சொல்லுங்கள். அழத் தொடங்கியதும் காகத்தையோ அணிலையோ காட்டிக் கவனத்தைத் திருப்புங்கள். இவ்வளவும் செய்தும் அழுது அடைத்தால், அடைக்கட்டும். கிடத்துங்கள், எண்ணுங்கள்.

அடுத்தது இரும்புச்சத்து. இரத்தச்சோகை உள்ள பிள்ளைகளுக்கு இந்த அடைப்பு கூடுதலாக வருவதை 1960களிலேயே வைத்தியர்கள் கவனித்து எழுதினார்கள். 1997 இல் ஜோர்தானிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. அடைப்பு வரும் 67 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு 16 வாரம் இரும்பு மருந்தும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத பாணியும் கொடுத்தார்கள். இரும்பு குடித்தவர்களில் 100 க்கு 88 பேர் என்ற அளவில் அடைப்பு முற்றாக நின்றது, அல்லது பாதிக்கு மேல் குறைந்தது. மற்றப் பகுதியில் 100 க்கு 6 பேர்தான். பின்னர் வந்த ஆய்வுகளும் இரும்பு உதவுகிறது என்றே சொல்கின்றன. நரம்பில் செய்திகள் ஒழுங்காகப் போகவும் இரும்பு வேண்டும் என்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். ஆகவே அடைப்பு வரும் பிள்ளைக்கு ஹீமோகுளோபினையும், முடிந்தால் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிற்றினையும் பார்த்து, தேவையெனில் சில மாதங்கள் இரும்பு மருந்து கொடுக்கிறோம்.

இங்கே ஒரு தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல வேலையில் இருந்தவர். ஒன்றேகால் வயது மகளுக்குக் கிழமையில் நாலைந்து முறை அடைக்கத் தொடங்கியது. "தாய் வீட்டில இல்லாத ஏக்கத்திலதான் பிள்ளை இப்பிடி" என்று வீட்டில் ஒருவர் சொல்ல, மற்றவர்களும் அதையே சொல்ல, அவர் வேலையை விட்டார். வீட்டிலேயே இருந்தார். அடைப்பு நிற்கவில்லை. மூன்று மாதம் கழித்து என்னிடம் வந்தார்கள். "பிள்ளை என்ன சாப்பிடுறவ?" என்று கேட்டேன். பால்மா ஆறு போத்தல். இடையில் தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கட். சோறு இரண்டு வாய். பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் மிகக் குறைவாக இருந்தது. இரும்பு மருந்து தொடங்கி, போத்தலைக் குறைத்து, இரண்டாம் மாதத்தில் அடைப்பு அருகியது. நாலாம் மாதத்தில் நின்றுவிட்டது. அந்த அம்மா கிளினிக்கில் என் முன்னால் அழுதார். மகளுக்குச் சுகமாகிவிட்டது, அவருடைய வேலை மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. பிள்ளைக்கு ஏதும் வந்தால் முதலில் தாயில் குற்றம் தேடும் பழக்கத்தை, நாங்கள் நூறு வயதுப் பாடசாலையில் படித்த பெண்களாவது விட வேண்டும்.

இரும்புக்கு எங்கள் குசினியிலேயே வழி இருக்கிறது. மீன், நெத்தலி, ஈரல், இறைச்சி, முட்டை. சைவமானால் பயறு, கவுப்பி, பருப்பு, கீரை. சைவ உணவிலுள்ள இரும்பு எளிதில் உறிஞ்சப்படாது. அதனால் கூடவே தேசிப்புளி, தோடம்பழம், கொய்யா, நெல்லி ஏதாவது கொடுங்கள். ஒரு வயதுக்குப் பிறகு பால் நாளுக்கு 500 மில்லிலீற்றருக்கு மேல் வேண்டாம். சிறு பிள்ளைக்குத் தேத்தண்ணி வேண்டவே வேண்டாம். அது உணவிலுள்ள இரும்பை உடலில் சேரவிடாது. குடும்பநல உத்தியோகத்தர் தரும் நுண்போசணைத் தூளை அலுமாரியில் வைத்துவிடாமல் சோற்றில் கலந்து கொடுங்கள். வைத்தியர் இரும்புப் பாணி எழுதித் தந்தால் பாலோடு கொடுக்காதீர்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். போத்தலை மட்டும் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில், பூட்டி வையுங்கள். இரும்பு மருந்தை அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து. தாய்க்குக் கர்ப்ப காலத்தில் தந்த இரும்புக் குளிசைகளுக்கும் இது பொருந்தும்.

இனி எப்போது பயப்பட வேண்டும் என்பதையும் சொல்கிறேன். முதல்தரம் அடைத்தால், பிள்ளை பிறகு ஓடியாடி விளையாடினாலும், அன்றைக்கே ஒரு வைத்தியரிடம் காட்டுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு வந்தால், அழுகையோ அடியோ வெருட்சியோ இல்லாமல் வந்தால், நித்திரையில் வந்தால், ஓடும்போதோ நீந்தும்போதோ பிள்ளை விழுந்தால், ஒரு நிமிடத்துக்கு மேல் நீடித்தால், எழும்பிய பின்னும் நெடுநேரம் ஆளை அடையாளம் தெரியாமல் இருந்தால், தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். குடும்பத்தில் யாராவது இளவயதில் காரணம் தெரியாமல் திடீரென்று இறந்திருந்தால் அதைக் கட்டாயம் வைத்தியரிடம் சொல்லுங்கள். இதயத்தின் மின்னோட்டத்தில் பரம்பரையாக வரும் சில கோளாறுகள் இதே உருவத்தில் வரலாம். ஒரு சாதாரண ஈ.சி.ஜி. பரிசோதனையில் அவற்றைப் பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியும். வலியில்லாத, சில நிமிடப் பரிசோதனை. முடிந்தால் வீட்டிலுள்ள இன்னொருவர் அடைப்பைக் கைத்தொலைபேசியில் படம்பிடிக்கட்டும். எங்களுக்கு அது பெரிய உதவி.

வலிப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டறிய ஒரு கேள்வி போதும்: "அதுக்கு முதல் என்ன நடந்தது?" மூச்சடைப்புக்கு முன்னால் எப்போதும் ஏதோ ஒன்று நடந்திருக்கும். அழுகை, பிறகு நிறமாற்றம், பிறகு மயக்கம், பிறகுதான் கை கால் இழுப்பு. வலிப்பில் பெரும்பாலும் ஒரு காரணமும் இராது. இழுப்பு முதலில் வரும்.

இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்ட ஒருவரை எனக்குத் தெரியும். அது நான்தான். பயிற்சி வைத்தியராக இருந்த முதல் வருடம். இரவு இரண்டு மணிக்கு ஒரு பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். கை கால் இழுத்தது என்றார்கள். நான் கட்டில் குறிப்பில் "வலிப்பு" என்று எழுதிவிட்டு அடுத்த பிள்ளையைப் பார்க்கப் போய்விட்டேன். காலையில் வந்த நிபுணர் தாயிடம் அந்த ஒரே கேள்வியைக் கேட்டார். தமையன் பொம்மையைப் பறித்தான், அழுதான், நீலமானான் என்று தாய் சொன்னார். நிபுணர் என் எழுத்தை ஒரு கோட்டால் வெட்டினார். தாளில் வெட்டுவது இலகுவாக இருந்தது. அந்த இரவிலேயே "வலிப்பு" என்ற சொல் தொலைபேசியில் அந்தக் குடும்பம் முழுக்கப் போயிருந்தது. ஐந்து வருடம் கழித்து அந்தத் தாயைத் தற்செயலாகக் கண்டேன். "பாடசாலைப் படிவத்தில வலிப்பு எண்டு எழுத வேணுமோ டொக்டர்? அப்பம்மா எழுதச் சொல்லுறா" என்றார். அன்றிலிருந்து நான் அந்தச் சொல்லை எழுத முன் இரண்டு தரம் யோசிக்கிறேன்.

கடைசியாக ஒன்று. இத்தனையும் தெரிந்த நான் என் சொந்தப் பிள்ளையில் என்ன செய்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். மகளுக்குப் பதினான்கு மாதம். விறாந்தைப் படியில் சறுக்கி விழுந்து பின்தலை அடிபட்டது. ஒரு சின்னச் சத்தம். பிறகு வெள்ளைத் தாள் போல வெளிறிச் சரிந்தாள். நான் அவளைத் தூக்கி நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு முற்றத்தில் ஓடினேன். எங்கே ஓடினேன் என்று எனக்கே தெரியாது. தாய்மாருக்கு நான் எத்தனை தரம் சொன்ன எதுவும் அப்போது என் தலையில் இல்லை. அம்மா குசினியிலிருந்து வந்தார். "பிள்ளையைக் கீழ கிடத்து. பக்கமாய்க் கிடத்து. எண்ணு" என்றார். அவரே எண்ணத் தொடங்கினார். பதினெட்டில் மகள் கண் விழித்தாள்.

அன்றே தலையடியையும் பார்த்து, ஈ.சி.ஜி.யும் எடுத்தோம். எல்லாம் சரி. இரவு அம்மாவிடம் கேட்டேன், இது எப்படித் தெரியும் என்று. "நாவற்குழியில உங்கடை ரீச்சர் செய்தவ. நானும் பக்கத்தில நிண்டனான் தானே" என்றார்.

அந்த ரீச்சர் இன்று எம்மோடு இல்லை. அவர் மருத்துவம் படித்தவர் அல்ல. இரும்பைப் பற்றியோ வேகஸ் நரம்பைப் பற்றியோ அவர் அந்த இரவில் யோசித்திருக்க மாட்டார். சுற்றி எல்லோரும் கத்தும்போது ஒருவர் கத்தாமல் இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இந்த மண்டபத்தில் இருக்கும் அம்மம்மாமார், அப்பம்மாமார், முன்பள்ளி ஆசிரியைகள், புதிதாகத் தாயாகப் போகும் தங்கைமார், நீங்கள் இன்று வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியது மூன்றே சொல்: கிடத்துங்கள், பாருங்கள், எண்ணுங்கள். வீட்டில் பிள்ளையோடு நிற்கும் எல்லோருக்கும், வேலைக்கு உதவ வருபவருக்கும், மூத்த பிள்ளைக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

நான் ஒருவரையும் பயப்படுத்தவில்லை என்று நம்புகிறேன்.